மண்டபத்து மைக் செட்டுக்கு ஸூமா, டீம்ஸா, மீட்டா? எதை வாங்குவது, எதை விடுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் மண்டபங்களுக்கும் பள்ளி மண்டபங்களுக்கும் மைக் செட் பொருத்துவது என் தொழில். முன்பெல்லாம் என்னைக் கூப்பிடுகிறவர்கள், எத்தனை ஸ்பீக்கர் போட்டால் பின்வரிசைக்குக் கேட்கும் என்று கேட்பார்கள். இப்போது கேள்வி வேறு. “அண்ணே, மெல்பர்ன்ல இருக்கிற பையன் ஸூம்ல வருவான். அவன் பேசுறது மண்டபத்துல கேக்கணும், இங்க ஐயர் சொல்றது அவனுக்குக் கேக்கணும். அடுத்த வாரம் தோட்டத்து ஆபீஸ்காரங்க டீம்ஸ்ல கூட்டம் வைப்பாங்க, அதுக்கும் இதே செட்டு ஓடணும். என்ன வாங்கலாம்?”

சென்ற மாதம் இந்தக் கேள்வியோடு இரண்டு தரப்பினர் வந்தார்கள். ஒன்று கோயில் மண்டபக் குழு. மற்றொன்று ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம். இரு தரப்பின் கையிலும் ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வாங்கிய கொட்டேஷன்கள். ஒன்றில் நானூறு வெள்ளி (ரிங்கிட்), இன்னொன்றில் நாற்பதாயிரம் வெள்ளி. இரண்டுமே “எல்லா செயலியிலும் வேலை செய்யும்” என்றே சொல்கின்றன. குழுவில் ஒருவர் ஆமாம் என்றால் இன்னொருவர் வேண்டாம் என்பார், முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும்.

அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நம் ஊர் மண்டபப் பணம் பத்து வெள்ளியும் இருபது வெள்ளியுமாகச் சேர்ந்தது. துண்டாடப்பட்டு விற்பனைக்கு வந்த தோட்டங்களை வாங்க, தொழிலாளர்களின் சிறு பங்குகளைச் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன். அவர் இந்த ஊர்க்காரர். இன்றும் மண்டபத்து ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் அதே மாதிரி சின்னச் சின்னத் தொகைகள்தான். அந்தக் காசு இரண்டு வருடத்தில் பயனற்றுப் போகும் பெட்டிக்குப் போவதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

## வாங்கும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: கூட்டத்தைத் தொடங்குகிறவர் யார்? செயலியைத் தேர்ந்தெடுப்பது மண்டபம் அன்று, அழைப்பு அனுப்புகிறவர். பள்ளிகளுக்கு 2020 முதல் கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான டெலிமா இருக்கிறது. ஆசிரியர்களின் கணக்கு அதில் கூகுளோடு இணைந்திருப்பதால் பள்ளிக் கூட்டம் பெரும்பாலும் கூகுள் மீட்டில் நடக்கும். நான் வேலை செய்த தோட்ட அலுவலகங்களில் தலைமை அலுவலகத்தோடு பேசுவது டீம்ஸில். கல்யாணம், கருமக்கிரியை, இளைஞர் இயக்கக் கூட்டம் என்றால் ஸூம். பாட்டிக்கும் லயத்து வீட்டு அத்தைக்கும் தெரிந்தது வாட்ஸ்அப் ஒன்றுதான். உங்கள் மண்டபத்துக்குக் கடந்த ஓராண்டில் வந்த நிகழ்ச்சிகளை எழுதிப் பாருங்கள். பத்தில் ஒன்பது ஒரே செயலியில் நடந்திருந்தால் உங்கள் விடை ஒன்று. நாலு செயலியிலும் சிதறிக் கிடந்தால் விடை வேறு.

அடுத்து, மிக்சர் (எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) பக்கத்தில் நிற்கப் போகிறவர் யார்? கோயில் மண்டபத்தில் அது பெரும்பாலும் ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமை வருவார், தீபாவளிக்கு ஊரில் இருக்கமாட்டார். அவர் இல்லாத நாளில் சாவி வைத்திருக்கும் பெரியவரும் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

வாங்கிய பிறகும் தொடரும் செலவு மூன்றாவது. மாதக் கட்டணம், கேபிள், மாற்றுப் பொருள், கோலாலம்பூரிலிருந்து ஆள் வந்தால் அவருடைய பயணக்கூலி. இது எந்தக் கொட்டேஷனிலும் முதல் பக்கத்தில் இருப்பதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது சத்தம். படம் மங்கலாக இருந்தால் வெளிநாட்டில் இருப்பவர் பொறுத்துக்கொள்வார். சத்தம் உடைந்தால் ஐந்து நிமிடத்தில் அழைப்பைத் துண்டித்துவிடுவார். அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

## சத்தம் எங்கே கெடுகிறது

இரண்டு தனித்தனிக் கோளாறுகளை நம்மவர்கள் “எக்கோ” என்ற ஒரே பெயரில் சொல்கிறோம்.

ஒன்று கம்பிக்குள் நடப்பது. தூரத்தில் இருப்பவர் பேசுவது மடிக்கணினி வழியாக மிக்சருக்குள் வருகிறது, அங்கிருந்து மண்டபத்து ஸ்பீக்கருக்குப் போகிறது. மண்டபத்துச் சத்தத்தை மடிக்கணினிக்கு அனுப்ப, மிக்சரின் மெயின் வெளியீட்டிலிருந்து ஒரு வயரை இழுக்கிறோம். அந்த மெயினில் தூரத்து ஆளின் குரலும் கலந்திருக்கிறது! அவர் பேசியது அரை நொடி கழித்து அவருக்கே திரும்பிப் போகும். யாராலும் அப்படிப் பேச முடியாது. இதற்கு மருந்து எளிது. மெயினைத் தொடாமல் ஓர் ஆக்ஸ் வழியை (மிக்சரிலிருந்து வேறொரு கலவையை அனுப்பும் துணை வெளியீடு) தனியாக ஒதுக்கி, அதில் எல்லா மைக்கையும் திறந்து, மடிக்கணினி வரும் சேனலை மட்டும் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். ‘மிக்ஸ் மைனஸ்’ என்று தொழிலில் சொல்வது இதைத்தான். அந்த ஆக்ஸ் பிரீ ஃபேடராக, அதாவது சேனலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்பே சத்தத்தை எடுப்பதாக, இருப்பது நல்லது. மண்டபத்தில் ஊளை கேட்டு நீங்கள் ஃபேடரைக் குறைத்தாலும் வெளிநாட்டில் கேட்பவருக்குக் குரல் குறையாது.

யூஎஸ்பி துளையுள்ள மிக்சர் வாங்கியவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை. பல சின்ன மிக்சர்கள் மெயின் கலவையைத்தான் யூஎஸ்பியில் அனுப்பும், ஆக்ஸை அனுப்பாது. “யூஎஸ்பி இருக்கே, நேரா சொருகினா போச்சு” என்று சொருகினால் மேலே சொன்ன கோளாறு தானாக வந்துவிடும். யூஎஸ்பியில் எந்தக் கலவை போகிறது என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது கோளாறு காற்றில் நடப்பது. ஸ்பீக்கரிலிருந்து வரும் தூரத்துக் குரலை மேடை மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. இதை ஆக்ஸால் தடுக்க முடியாது. எதிரொலி நீக்கம் என்ற கணக்கீடு வேண்டும். ஸூம், டீம்ஸ், மீட் மூன்றிலும் அது உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது மேசை முன் உட்கார்ந்து பேசும் ஒருவரை மனத்தில் வைத்துச் செய்தது. தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் உள்ள நம் மண்டபத்தில் சத்தம் அடங்க நேரமாகும், செயலி திணறும், பேச்சு நறுக்கு நறுக்காகப் போகும். மைக்கை வாய்க்கு அருகில் பிடிப்பது, பேசாத மைக்குகளை அணைத்து வைப்பது, ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து நிறுத்துவது: பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். மீதிக்குத்தான் கருவி. எதிரொலி நீக்கம் ஓர் இடத்தில் நடந்தால் போதும் என்பதையும் நினைவில் வையுங்கள். கருவி ஒருபக்கம் நீக்க, செயலியும் தன் பங்குக்கு நீக்க, குரல் தண்ணீருக்குள் பேசுவது போல ஆகிவிடும்.

நம் வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணத்தில் மடிக்கணினியை நான்தான் இணைத்தேன். தாலி கட்டும் நேரம், கெட்டிமேளம் முழங்குகிறது. மண்டபமே அதிர்கிறது. ஸூமில் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அண்ணனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. செயலியின் இரைச்சல் நீக்கம் தவிலையும் நாகசுரத்தையும் இரைச்சல் என்று முடிவு செய்து அழித்துவிட்டது. தங்கையின் கல்யாணத்தை அவர் ஊமைப் படமாகத்தான் பார்த்தார். அந்த நாளை நான் மறக்கவில்லை.

ஸூமில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது, டீம்ஸில் ‘ஹை ஃபிடிலிட்டி மியூசிக் மோட்’. மேளம் உள்ள நிகழ்ச்சிக்கு இவற்றைப் போட்டுவிட்டு, மைக் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். எதிரொலி நீக்கத்தை மட்டும் விட்டுவையுங்கள், ஏனென்றால் தூரத்துக் குரல் ஸ்பீக்கரில் வருகிறது. எந்த வழியை வாங்கினாலும் இந்த அமைப்புகள் கைக்கு எட்டுமா என்று பார்க்க வேண்டும். சில பெட்டிகளில் எட்டாது.

சரி, இனி வழிகள்.

## வழி 1: மேசைமேல் மடிக்கணினியும் ஸ்பீக்கர்ஃபோனும்

மைக் செட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. மடிக்கணினியில் ஒரு யூஎஸ்பி ஸ்பீக்கர்ஃபோனை (மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த சின்னப் பெட்டி) சொருகி மேசை நடுவில் வைத்தால் முடிந்தது. எல்லா செயலிக்கும் ஒத்துப்போகும், வாட்ஸ்அப் உட்பட. எதிரொலி நீக்கம் ஸ்பீக்கர்ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது.

எட்டு பேர் சுற்றி உட்காரும் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு இதைவிட நல்லது கிடையாது, கூடுதலாக எதுவும் வாங்காதீர்கள். ஆனால் மண்டபத்தில் நூறு பேர் உட்கார்ந்தால் பயன்படாது. ஸ்பீக்கர்ஃபோனைத் தூக்கி மண்டபத்து மைக் முன்னால் பிடித்துச் சமாளிப்பதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன், அது இரண்டு பக்கத்துக்கும் வேதனை.

## வழி 2: இருக்கிற மைக் செட்டுக்கு ஒரு யூஎஸ்பி வாசல்

மிக்சரும் ஸ்பீக்கரும் அப்படியே இருக்கும். ஆக்ஸிலிருந்து ஒரு சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்குச் சத்தம் போகும், அதிலிருந்து திரும்பும் சத்தம் மிக்சரின் ஒரு சேனலுக்கு வரும். கேமராவும் யூஎஸ்பியில். யார் கூட்டம் வைக்கிறார்களோ அவர்கள் தங்கள் மடிக்கணினியைக் கொண்டுவந்து சொருகி, செயலியில் மைக், ஸ்பீக்கர், கேமரா மூன்றையும் தேர்ந்தெடுத்தால் போதும்.

இது எல்லா செயலியிலும் ஓடுவதற்குக் காரணம், யூஎஸ்பி ஒலிக்கும் யூஎஸ்பி கேமராவுக்கும் பொதுத் தரம் இருப்பதுதான். அந்தத் தரத்தில் செய்த கருவிக்குத் தனி டிரைவர் (கணினியில் நிறுவும் இயக்கி மென்பொருள்) வேண்டாம். கணினிக்கு அது இன்னொரு மைக், இன்னொரு கேமரா, அவ்வளவுதான். அதன்மேல் ஓடுவது ஸூமா மீட்டா என்று கருவிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நாளைக்குப் புதிதாக ஒரு செயலி வந்தாலும் இதே வயர் போதும். ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. ஸ்கைப்புக்கென்றே கருவி வாங்கியவர்களுக்கு அது வெறும் பெட்டியாகிவிட்டது, யூஎஸ்பி வாசல் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்டர்ஃபேஸ் பெரிங்கர் யூசிஏ222 போன்ற எளிய வகை என்றால் இருநூறு வெள்ளிக்குள் முடியும். கேமராதான் செலவு. திரும்பும், பெரிதாக்கும் யூஎஸ்பி கேமரா ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகும். மறைந்திருக்கும் செலவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

கேபிள் நீளம் முதலில். யூஎஸ்பி 2 கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் நம்பகமாக ஓடாது, யூஎஸ்பி 3 சுமார் மூன்று மீட்டர். மேடையிலிருந்து மிக்சருக்கு இருபது மீட்டர் என்றால், கேட் 6 கேபிளில் யூஎஸ்பியை நீட்டும் கருவி வாங்க வேண்டும், மலிவு வகைகள் நடுவில் விட்டுவிட்டுப் போகும். நான் செய்வது, மடிக்கணினியை மிக்சர் மேசைக்கே கொண்டுவருவது. கேமராவிலிருந்து எச்டிஎம்ஐ அல்லது எஸ்டிஐ கேபிளை நீளமாக இழுத்து, கடைசியில் ஒரு கேப்சர் கருவியால் யூஎஸ்பியாக மாற்றிவிடுகிறேன்.

அடுத்தது முனைகள். ஒருவர் மடிக்கணினியில் யூஎஸ்பி-சி மட்டும், இன்னொருவரிடம் பழைய யூஎஸ்பி மட்டும். யூஎஸ்பி-சி துளை எல்லாவற்றிலும் படம் வராது. மாற்று முனைகளை ஒரு வளையத்தில் கோத்து மேசையிலேயே கட்டிவைக்காவிட்டால் மாதம் ஒன்று காணாமல் போகும். ஒரே கேபிளில் எல்லாம் வரும் என்று விற்கும் டாக் வாங்கினால், அதற்கு டிரைவர் நிறுவ வேண்டுமா என்று கேளுங்கள். டிஸ்ப்ளேலிங்க் வகைக்கு வேண்டும். நிறுவன மடிக்கணினிகளில் நிறுவ அனுமதி இருக்காது, கூட்டம் தொடங்கும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

மடிக்கணினியை மின்சாரத்தில் போட்டதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் வரும். எர்த் வழியாக வருவது அது. நடுவில் ஒரு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் நின்றுவிடும். சிலர் பிளக்கின் எர்த் முனையை ஒதுக்கிவிட்டு உறுமலை நிறுத்துகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், மின்சாரம் தாக்கி உயிர் போகும்.

குறை என்ன? கூட்டத்தைத் தொடங்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். விருந்தினர் மடிக்கணினியில் தவறான மைக் தேர்வாகியிருந்தால் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். இதற்காகவே நான் மண்டபத்துக்கென்று சாதாரணக் கணினி ஒன்றையும் வைக்கச் சொல்கிறேன். ஸூம், டீம்ஸ், மீட் மூன்றிலும் உலாவி வழியாக இணைப்பைத் தட்டி விருந்தினராக நுழையலாம். வாட்ஸ்அப்பையும் கணினியில் போட்டுவிட்டால் குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். பாட்டியின் முகம் மண்டபத்துத் திரையில் வருவதற்கு இந்த ஐந்து வழிகளில் முதல் இரண்டே போதும்.

## வழி 3: திரைக்குக் கீழே மாட்டும் வீடியோ பார்

கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே பட்டையில். பார்க்க அழகு, வயர் குறைவு, சிறிய அறைக்கு அருமை. பள்ளியின் கூட்ட அறை, தோட்ட அலுவலக அறை என்று இருபது பேருக்கு மேல் போகாத இடத்தில் நானே சிபாரிசு செய்கிறேன்.

மண்டபத்தில்தான் தவறுகிறது. இதன் மைக் பெரும்பாலும் நாலைந்து மீட்டர் தூரத்துக்குத்தான் நன்றாக எடுக்கும். இருக்கிற மைக் செட்டை இதோடு சேர்க்கப் பல மாடல்களில் வழியே இல்லை, சிலவற்றில் ஒரு 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கும்.

வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மடிக்கணினியை யூஎஸ்பியில் சொருகினால் இது வெறும் கேமராவும் மைக்குமாக வேலை செய்யுமா?” ஆமாம் என்றால் எந்தச் செயலிக்கும் ஆகும். இல்லை, உள்ளே இருக்கிற செயலி மட்டும்தான் என்றால் நீங்கள் வாங்குவது அடுத்து வரும் நாலாவது வழி. அதை பார் என்ற பெயரில் வாங்கிவிடாதீர்கள்.

## வழி 4: ஒரு செயலிக்கென்றே சான்றிதழ் பெற்ற அறை அமைப்பு

ஸூம் ரூம்ஸ், டீம்ஸ் ரூம்ஸ், கூகுள் மீட் வன்பொருள் எல்லாம் இந்த வகை. மேசையில் ஒரு தொடுதிரை. கூட்ட நேரம் வந்ததும் அதில் ‘சேர்’ என்று தெரியும், ஒரு தட்டு தட்டினால் போதும். மடிக்கணினி வேண்டாம், வயர் வேண்டாம், தெரிந்த தம்பி வேண்டாம். இந்தச் சுகம் உண்மையானது. தினமும் காலை எட்டு மணிக்கு டீம்ஸில் தலைமை அலுவலகத்தோடு பேசும் தோட்ட நிர்வாகிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

விலைப்பட்டியலில் “மற்ற செயலிகளிலும் சேரலாம்” என்று ஒரு வரி இருக்கும். பொய் இல்லை. டீம்ஸ் ரூம்ஸிலிருந்து ஸூம், வெபெக்ஸ் கூட்டங்களில் விருந்தினராக நுழையலாம், ஸூம் ரூம்ஸிலிருந்து டீம்ஸ் கூட்டத்திலும் அப்படியே. உள்ளே நடப்பது என்னவென்றால், அந்தப் பெட்டி ஓர் உலாவியைத் திறந்து மற்றவர் வீட்டு வாசலில் நிற்கிறது. படம் வரும், குரல் வரும். சொந்தச் செயலியில் கிடைக்கும் வசதிகள் பல அங்கே கிடைக்காது. இரண்டாவது திரை, திரைப் பகிர்வு, நான் மேலே சொன்ன இசைக்கான அமைப்பு ஆகியவற்றில்தான் குறை தெரியும். அழைப்பு பெரும்பாலும் நாள்காட்டி வழியாக அந்த அறையின் முகவரிக்கு வந்திருக்கவும் வேண்டும். கல்யாண வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பு அதற்குள் தானாகப் போகாது. வாட்ஸ்அப் அழைப்பு அறவே முடியாது.

பணம் மாதாமாதம் போகும். டீம்ஸ் ரூம்ஸ் புரோ உரிமத்தின் பட்டியல் விலை ஓர் அறைக்கு மாதம் 40 அமெரிக்க டாலர், ஸூம் ரூம்ஸ் 49. வருடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு டாலரை வெள்ளிக்கு மாற்றி, உங்கள் மண்டபத்தின் ஒருநாள் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டீம்ஸில் இலவச பேசிக் உரிமம் 25 அறை வரை உண்டு, ஆனால் சான்றிதழ் பெற்ற கருவிக்கு மட்டும். அப்புறம் இந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது விண்டோஸ், ஆண்ட்ராய்டு, குரோம்ஓஎஸ் போன்ற ஓர் இயங்குதளம்தான். தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்தினால் கேமரா நன்றாக இருந்தாலும் பெட்டிக்கு ஆயுள் முடியும். நல்ல ஸ்பீக்கர் நம் மண்டபங்களில் இருபது வருடம் ஓடுகிறது, அதனால் இந்தக் கணக்கு நம்மவர்களுக்குப் புதிது.

பக்கத்து ஊர் மண்டபம் ஒன்றில் இப்படி ஒரு அமைப்பை நம்பி வாங்கினார்கள். முதல் பெரிய நிகழ்ச்சி வேறு செயலியில் வந்தது. கடைசியில் புதிய திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு, அதில் ஒரு மடிக்கணினியை வைத்து நடத்தினார்கள். பொருளாளர் அக்கா என்னிடம் அதைச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. இரண்டு தீமிதித் திருவிழாவில் சேர்த்த பணம் அது.

## வழி 5: டிஎஸ்பியும் டான்டேயும்

டிஎஸ்பி என்பது பயாம்ப், கியூசிஸ், ஷூர், யமஹா போன்ற பெயர்களில் வரும் ஒலிச் செயலாக்கக் கருவி. ஒவ்வொரு மைக்குக்கும் தனி எதிரொலி நீக்கம், பேசுகிற மைக்கை மட்டும் தானாகத் திறப்பது, மிக்ஸ் மைனஸ் எல்லாம் உள்ளேயே நடக்கும். டான்டே என்பது 2006-இல் ஆஸ்திரேலிய நிறுவனமான ஆடினேட் கொண்டுவந்த முறை. ஒரே நெட்வொர்க் கேபிளில் பல சேனல் ஒலி போகும். மடிக்கணினிக்கு இந்த டிஎஸ்பியும் யூஎஸ்பி வாசலாகத்தான் தெரியும், ஆகவே எல்லா செயலிக்கும் ஆகும். “எதிரொலியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கணினிக்குத் தெரிவிக்கும் ஸ்பீக்கர்ஃபோன் அமைப்பும் சிலவற்றில் உண்டு.

இரண்டாவது வழி நல்ல மிதிவண்டி என்றால் இது கார். மேளம் ஒருபக்கம், பேச்சாளர் ஒருபக்கம், கேள்வி கேட்கும் கூட்டம் ஒருபக்கம் என்று மாதம் பல முறை இணைய நிகழ்ச்சி நடத்தும் பெரிய மண்டபத்துக்குத் தகும். பத்தாயிரம் வெள்ளியைச் சுலபமாகத் தாண்டும்.

மறைந்திருக்கும் செலவு, அமைப்புக் கோப்பு. கருவியைக் கணினியில் வரைந்து நிரப்பியவர் அந்தக் கோப்பைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், ஒரு மைக் கூடுதலாகப் போடவும் அவரையேதான் கூப்பிட வேண்டும். கோப்பும் கடவுச்சொல்லும் மண்டபத்தின் கையில் கொடுத்த பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

## பழைய அலுவலகப் பெட்டி மலிவாக வருகிறதே?

இதையும் பலர் கேட்கிறார்கள். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் பழைய வீடியோ கான்ஃபரன்ஸ் பெட்டிகள் எச்.323, எஸ்ஐபி என்ற முறைகளில் பேசுபவை. எச்.323 வந்தது 1996-இல். இன்றைய செயலிகளோடு அவை நேராகப் பேசாது. ஸூமுக்குக் கூடுதல் கட்டண இணைப்பு வேண்டும், டீம்ஸுக்கும் மீட்டுக்கும் பெக்சிப் போன்ற இடைத்தரகு சேவை வேண்டும். பெட்டிக்குக் கொடுத்ததைவிட அதிகம் அதற்குக் கொடுப்பீர்கள். கேமராவில் எச்டிஎம்ஐ வெளியீடு இருந்தால் கேமராவை மட்டும் வாங்கலாம். திரும்பும், பெரிதாக்கும் நல்ல கேமரா அப்படி எனக்கு இரண்டு கிடைத்திருக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தச் செயலிக்கும்? | வாட்ஸ்அப் | பெரிய மண்டபத்தில் சத்தம் | மாதக் கட்டணம் | யார் ஓட்டலாம் |
|---|---|---|---|---|---|
| 1. ஸ்பீக்கர்ஃபோன் | ஆம் | ஆம் | ஆகாது | இல்லை | யாரும் |
| 2. யூஎஸ்பி வாசல் | ஆம் | ஆம் | மிக்ஸ் மைனஸ் சரியாக இருந்தால் நன்று | இல்லை | கொஞ்சம் பழகியவர் |
| 3. வீடியோ பார் | யூஎஸ்பி முறை இருந்தால் | யூஎஸ்பி முறை இருந்தால் | சிறு அறைக்கு மட்டும் | இல்லை | யாரும் |
| 4. அறை அமைப்பு | ஒன்றில் முழுமை, மற்றவற்றில் குறை | இல்லை | தனி ஒலி அமைப்பு சேர்த்தால் | உண்டு | யாரும் |
| 5. டிஎஸ்பி | ஆம் | ஆம் | மிக நன்று | இல்லை | ஓட்ட யாரும், மாற்ற வல்லுநர் |

ஐந்தாவது வழியிலும் வாட்ஸ்அப் வரும் என்று அட்டவணை சொல்கிறது. மேலே நான் முதல் இரண்டை மட்டும் சொன்னது, ஒரு பாட்டியின் அழைப்புக்காக யாரும் டிஎஸ்பி வாங்கமாட்டார்கள் என்பதால்.

## எல்லா வழிக்கும் பொதுவான இரண்டு

இணையம். ஸூமில் 1080 தரத்துக்குக் கேட்பது அனுப்ப 3.8 எம்பிபிஎஸ், பெற 3.0. மண்டபத்தில் வேகச் சோதனை செய்யும்போது எல்லாரும் பெறும் வேகத்தைப் பார்க்கிறார்கள், மண்டபத்துப் படம் வெளியே போவது அனுப்பும் வேகத்தில். காலி மண்டபத்தில் சோதித்துப் பயனில்லை. முந்நூறு பேர் கைப்பேசியோடு உள்ளே வந்ததும் கைப்பேசி இணைப்பு படுத்துவிடும். ஃபைபர் கிடைக்கும் இடமாக இருந்தால் அதைப் போட்டு, மடிக்கணினிக்கு வைஃபையைத் தவிர்த்து லேன் கேபிள் கொடுங்கள். இலவசக் கணக்கில் ஸூம் 40 நிமிடத்திலும், மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடத்திலும் நின்றுவிடும். முகூர்த்தத்தின் நடுவில் நிற்காமல் இருக்க, அந்த ஒரு மாதத்துக்காவது கட்டணக் கணக்கு எடுப்பது நல்லது.

இடி. நம் பகுதியில் மாலை மழைக்கு எத்தனை மிக்சர் போயிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மின்சார வழியை மட்டும் காத்தால் போதாது, நெட்வொர்க் கேபிள் வழியாகவும் இடி உள்ளே வரும். நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

## அந்த இரண்டு தரப்புக்கும் நான் சொன்னது

கோயில் மண்டபக் குழுவிடம் இரண்டாவது வழி என்றேன். அவர்கள் எழுதிக் காட்டிய பட்டியலில் ஸூம் ஏழு, டீம்ஸ் இரண்டு, மீட் மூன்று, வாட்ஸ்அப் ஐந்து. எந்த ஒரு செயலிக்கும் பெட்டி வாங்க நியாயம் இல்லை. மிச்சமான பணத்தில் இரண்டு நல்ல மைக்கும், மேடைப் பின்சுவருக்குக் கனத்த திரைச்சீலையும் வாங்கச் சொன்னேன். சீலை தொங்கினால் எதிரொலி அடங்கும். “சீலைக்குப் போய் மைக் செட் கணக்குல காசா?” என்று தலைவர் ஐயா தயங்கினார். பழைய சீலை ஒன்றைக் கட்டிக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

பள்ளிக்கு விடை வேறு. பெரும்பாலும் கூகுள் மீட், இடமோ இருபது பேர் உட்காரும் கூட்ட அறை, ஓட்டப்போவது வகுப்புக்கு நடுவே ஓடிவரும் ஆசிரியை. மீட் வன்பொருள் வாங்கலாமா என்று தலைமையாசிரியை கேட்டார். யூஎஸ்பி முறையுள்ள வீடியோ பார் போதும் என்றேன். ஆசிரியையின் மடிக்கணினியில் டெலிமா கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கிறது. அந்தக் கணக்கில் 60 நிமிடத் தடையும் இல்லை. அரங்கில் ஆண்டுவிழா நடக்கும்போது மட்டும் மைக் செட்டோடு இணைக்க, இருநூறு வெள்ளி இன்டர்ஃபேஸ் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

யாரிடம் வாங்கினாலும் ஒப்படைக்கும் நாளில் மூன்று பேரை மண்டபத்துக்கு வெளியே, வேறு வேறு வீட்டில் உட்காரவையுங்கள். ஒருவர் ஸூமில், ஒருவர் டீம்ஸில், ஒருவர் மீட்டில் கூப்பிடட்டும். உள்ளே மேடை மைக்கில் ஒருவர் பேசிக்கொண்டே இருக்க, அவர்களும் குறுக்கே பேசட்டும். பிறகு தவில்காரரை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். மூவரும் “நல்லா கேக்குது, என் குரல் திரும்பி வரல” என்று சொன்ன பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.